“உங்க வீட்ல யார் குடுத்தீங்க?” – ஜெராக்ஸ் கடை அண்ணனைப் பற்றி

மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, நோயாளிகளுக்கு ரத்தம் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்து தரும் அண்ணனைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். இந்த ஒரு வரியிலேயே ஆள் யார் என்று மதுரைக்காரர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, பேரைப் போடாதே, போட்டோ போடாதே, நம்பரை எங்கேயும் எழுதாதே, மற்றபடி உன் இஷ்டம் என்றார். அவரிடம் போய் நின்ற அனுபவம் உள்ளவர்கள் நீங்களும் இதன் கீழே எழுதுங்கள், அந்த மூன்றை மட்டும் மீறாதீர்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது 2012-ல். அந்த வருஷம் டெங்கு நம்மூர்ப் பக்கம் எப்படி ஆட்டிவைத்தது என்று பலருக்கு நினைவிருக்கும். என் தங்கைக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் ஈறிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் பதினான்காயிரத்துக்குக் குறைந்துவிட்டன, கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். யாரைக் கேட்பது, எங்கே போவது என்று ஒன்றும் தெரியவில்லை. நான் பாட்டுக்குக் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் நகல் எடுக்க ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். காசு எண்ணும்போது கை நடுங்கியது போல. மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, “யாருக்குய்யா முடியல?” என்று கேட்டார்.

சொன்னேன். குரூப் கேட்டார், பி பாசிட்டிவ் என்றேன். உடனே பத்துப் பேருக்குப் போன் போடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. “உங்க வீட்ல யார் குடுத்தீங்க?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானும் பி பாசிட்டிவ்தான். ஆனால் நான் கொடுக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை, ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அவர் எடை கேட்டார், ஏதாவது மாத்திரை போட்டாயா என்று கேட்டார், கடைசியாக, “சாப்ட்டியா?” என்றார். முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. பக்கத்துக் கடையில் நாலு இட்லி வாங்கிக் கொடுத்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரில் நின்றார். பிறகு பாதி ஷட்டரை இறக்கிவிட்டு என்னோடு நடந்தே வந்துவிட்டார்.

தட்டணு கொடுத்தவர்களுக்குத் தெரியும், அது சாதாரண ரத்ததானம் போல பத்து நிமிஷ வேலை இல்லை. கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குள் போய், தட்டணுவை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப உடம்புக்கே அனுப்பும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். தொங்கிய பையைக் காட்டி, “சிவப்பா இருக்கும்னு நெனச்சேல்ல? பாரு” என்றார். இளநீரில் ஒரு சிட்டிகை மஞ்சளைக் கரைத்தது போல ஒரு நிறம். தங்கைக்குள் போகப்போவது அதுதான் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் ஊசி ஞாபகமே எனக்கு இல்லை. தங்கை பிழைத்தாள், இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

ஒரு மாதம் தாண்டியதும் அவரிடமிருந்து போன். தங்கை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டு, “இப்ப நீ முழு ரத்தம் குடுக்கலாம், ஒரு பிரசவ கேஸ், வர்றியா?” என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அன்று அவர் என் தங்கைக்கு ஆள் பிடிக்கவில்லை, இன்னும் பல வருஷத்துக்கு ஊருக்கு ஒரு ஆளைப் பிடித்திருக்கிறார் என்று.

அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு, கணக்கெழுதும் நோட்டு. பேர், குரூப், ஏரியா, கடைசியாகக் கொடுத்த தேதி, கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தைப் படித்தால் நாள் போவதே தெரியாது. ‘ராத்திரி கூப்பிடலாம்.’ ‘அம்மாவுக்குத் தெரியாது, வீட்டு போனில் பேசக்கூடாது.’ ‘ஷிப்ட், மதியத்துக்கு மேல்.’ என் பேருக்கு நேரே ‘ஊசி பயம், பேச்சுக் கொடுக்கணும்’ என்று எழுதியிருந்தார்.

எப்படி இதில் இறங்கினார் என்று ஒரு மழை நாளில், கடையில் ஆளில்லாத நேரத்தில் சொன்னார். 1993-ல் அவருடைய அப்பாவுக்கு ஆபரேஷன். அப்போதெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்களில் காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் நிற்பார்கள். இவரும் ஒருவரைப் பிடித்து, கேட்ட காசைக் கொடுத்திருக்கிறார். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்த அந்த மனிதர் அப்படியே சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாராம். “முழங்கை மடிப்புல பூரா தழும்புடா. என் கை பக்கத்துலயே இருக்கு, தடிமாடு மாதிரி முப்பத்து மூணு வயசுக் கை. அதை வச்சுக்கிட்டு நான் அவனுக்குக் காசு குடுத்திருக்கேன்.” இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே போய் முதல் தடவையாகக் கொடுத்திருக்கிறார். அப்புறம் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரியிலிருந்து காசுக்கு ரத்தம் கொடுப்பது நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. வாசலில் நின்றவர்கள் போய்விட்டார்கள், தேவை போகவில்லையே. நோட்டு அந்த வருஷம் ஆரம்பித்ததுதான்.

* * *

நான் ஒரு ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அவரை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். வெளியில் தெரியாத இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

தேவைக்கு மேல் ஒரு ஆளைக்கூட அவர் கூட்டி வரமாட்டார். ஒரு தலைவர் பிறந்தநாளுக்கு முந்நூறு பேரை ஒரே நாளில் ரத்தம் கொடுக்க வைப்பதாக ஒரு கூட்டம் கிளம்பியது. ஃபிளெக்ஸ் எல்லாம் அடித்தாகிவிட்டது. இவர் போய் அவர்களோடு உட்கார்ந்து, சிவப்பணுவை எடுக்கிற பையைப் பொறுத்து முப்பத்தைந்து, நாற்பத்திரண்டு நாள்தான் வைக்க முடியும், தட்டணுவோ ஐந்தே நாள், முந்நூறையும் இன்றைக்கே எடுத்தால் கொஞ்சம் வீணாகும், அதைவிட மோசம் என்னவென்றால் அடுத்த மூன்று மாதத்துக்கு இந்த முந்நூறு பேரையும் கூப்பிட முடியாது என்று பொறுமையாகச் சொல்லி, மூன்று முகாமாகப் பிரிக்க வைத்தார். அதில் ஒரு முகாம் மே மாதத்தில் வரும்படி பார்த்துக்கொண்டார். மே மாதம் காலேஜ் லீவு, கொடுக்கிற பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், அலமாரி காலியாகக் கிடக்கும். இந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அந்த வெறும் அலமாரியின் கொடுமை தெரியும்.

இன்னொன்று. ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஓ குரூப் என்று வந்தது. ஏற்றப்போகும் ரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் போட்டால் எந்த ஓ பையும் சேரவில்லை. பார்த்தால் பாம்பே குரூப். 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டுபிடித்தது, அதனால் அந்தப் பேர். சாதாரண பரிசோதனையில் ஓ போலவே தெரியும், ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் ஆபத்து, இன்னொரு பாம்பே குரூப்காரர்தான் கொடுக்க வேண்டும். வழிவழியாக வருவது என்பதால் கூடப்பிறந்தவர்களுக்கு இருக்க வாய்ப்பு உண்டு, முதலில் அவர்களைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம், ஏதோ பாகத் தகராறு. அண்ணன்தான் அந்தத் தம்பியிடம் பேசினார், சூப்பர்வைசரிடமும் பேசி லீவு வாங்கினார். ராத்திரி பஸ்ஸில் வந்து விடியற்காலை இறங்கியவனைப் பரிசோதித்தோம், அதே குரூப். அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. அவன் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது, நான் மறக்கவே முடியாதது. ஒரு பெரியவர், நல்ல வசதி, மனைவிக்கு ஆபரேஷன். பையை வார்டுக்கு எடுத்துப் போகும்போது அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, குடுத்தது நம்ம ஆளுகதானே?” என்று கேட்டார். அண்ணன் சத்தம் போடவில்லை. பையை வாங்கி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். “ஐயா, இதுல குரூப் போட்டிருக்கு. எடுத்த தேதி போட்டிருக்கு. எப்ப காலாவதின்னு போட்டிருக்கு. எச்ஐவி, மஞ்சக்காமாலை, பால்வினை நோய், மலேரியா எல்லாம் பார்த்தாச்சுன்னு போட்டிருக்கு. நீங்க கேக்குறது இதுல எங்கயும் போடலைங்கய்யா. போட இடமும் இல்ல.” அவ்வளவுதான் பேசினார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். எட்டு நிமிஷத்தில் ரத்தம் ஏற ஆரம்பித்தது, வார்டு கடிகாரத்தைப் பார்த்தேன்.

* * *

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். என் மகளுக்குத் தலசீமியா, உடம்பில் ரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது வெளுத்துப்போய்த் துவண்டு கிடந்தாள், அப்போது கண்டுபிடித்தார்கள். இப்போது ஒன்பது வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். தலசீமியா பிள்ளைகளுக்கு ரத்தம் இலவசம்தான், பதிலுக்கு ஆள் கொண்டுவா என்று கேட்கக்கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆனால் இருப்பு இருந்தால்தானே கொடுப்பார்கள்? ஏ நெகட்டிவ் வேறு.

அண்ணன் கடையில் ஒரு நாள்காட்டி தொங்கும். அதில் எங்கள் முறை வருவதற்கு ஒரு வாரம் முன்னால் உள்ள தேதியில் மகள் பேரின் முதல் எழுத்தைப் போட்டு வட்டமிட்டிருப்பார். நான் கேட்டு அவர் ஆள் தேடியதே கிடையாது. நான் போன் பண்ணுவதற்கு முன்னாடியே, “தாயி, ஆள் போயிட்டு வந்தாச்சு, நீ புதன்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வா” என்பார்.

என் மாமியார் வீட்டில் இந்த நோய்க்கு நான்தான் காரணம் என்று பேச்சு. வீட்டுக்காரரும் வாயைத் திறக்கமாட்டார். இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை, எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் என் வீட்டுக்காரரை டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, ரெண்டு பேரிடமும் அந்தக் குறை ஒளிந்திருந்து ரெண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய் வரும், ஒருத்தர் மட்டும் காரணமாக முடியாது என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்தார். அன்று வீட்டுக்கு வந்து அவர் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். கல்யாணமாகி அதுதான் முதல் தடவை.

மகளுக்கு அந்தக் கடையின் பச்சை பட்டன் மேல் உயிர். வேப்பிலையைக் கண்ணாடியில் வைத்து நகல் எடுப்பாள், இலையின் நரம்பு ஒவ்வொன்றும் அப்படியே வரும். அதற்கு அவர் காசு வாங்குவார், ஒரு ரூபாய். “கடைன்னா காசு குடுக்கணும், ரத்தம்னா குடுக்க வேணாம், ரெண்டையும் பாப்பா தெரிஞ்சுக்கட்டும்” என்பார். அவள் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள்.

* * *

எல்லோரும் நல்லதாக எழுதுகிறீர்கள், எனக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். 2019-ல் மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன், மூன்று யூனிட் கேட்டார்கள். யாரோ சொல்லி இவர் கடைக்குப் போனோம். நான், என் வீட்டுக்காரர், கொழுந்தன்மார் இரண்டு பேர். அதே கேள்வியைக் கேட்டார். ஒருத்தர் சுகர் என்றார், ஒருத்தர் வேலைக்குப் போகணும் என்றார். இவர் நோட்டை மூடி உள்ளே வைத்துவிட்டார். “உங்கள்ல ஒருத்தர் போய்ப் படுங்க, மத்த ரெண்டு யூனிட்டுக்கு நான் பொறுப்பு. அதுவரைக்கும் நான் யாரையும் கூப்பிட மாட்டேன்.” எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. நான் கொடுக்கிறேன் என்றேன், ஹீமோகுளோபின் பத்துக்கூட இல்லை, பன்னிரண்டரை வேண்டுமாம், அனுப்பிவிட்டார்கள். கடைசியில் வேறு வழியில் அலைந்து ஏற்பாடு செய்தோம். மாமியார் நன்றாக இருக்கிறார். ஆனால் நோயாளியை உள்ளே வைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் அப்படிக் கறாராக இருக்கலாமா? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

* * *

மேலே எழுதிய அக்காவுக்கு, இதை ஆரம்பித்தவன் எழுதுகிறேன்: நீங்கள் எழுதியதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். வருஷத்தையும் ஆபரேஷனையும் சொன்னதும் நினைவுக்கு வந்துவிட்டது. உயிர் போகிற அவசரம் என்றால் நான் எதுவும் கேட்கமாட்டேன், முதலில் ஆள் போகும், கேள்வி அப்புறம்தான், அவர்களுடையது இரண்டு நாள் கழித்து நடக்கவேண்டிய ஆபரேஷன், அதனால்தான் அப்படி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அந்தப் புள்ள தானே போய்க் குடுக்குறேன்னு நின்னிருக்கு, ரத்தம் இல்லைன்னு திருப்பி விட்டிருக்காங்க, அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பேன். தப்புதான், நான் கேட்டேன்னு சொல்லு” என்றார். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அவருடைய நோட்டில் எந்தக் கட்டத்திலும் அவர் தப்புக் கணக்குப் போட்ட நாள்கள் எழுதியில்லை, ஆனால் அவருக்கு அவை மனப்பாடம்.

* * *

2021 மே மாதம் எழுதாமல் விட்டால் எப்படி? நான் அப்போது கல்லூரி கடைசி வருஷம். பதினெட்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும் கொரோனா தடுப்பூசி என்று திறந்துவிட்ட நேரம். ஊசி போட்டுக்கொண்டால் குறிப்பிட்ட நாள்களுக்கு ரத்தம் கொடுக்கக்கூடாது, முதலில் இருபத்தெட்டு நாள் என்றார்கள், அந்த மாதமே பதினாலாகக் குறைத்தார்கள். ஊரடங்கு வேறு. கொடுக்கிற வயதில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று இவர் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டார். நோட்டை வைத்துக்கொண்டு வரிசையாகப் போன் செய்தார். “ஊசி கண்டிப்பா போட்டுக்க. போறதுக்கு முந்தி ஒருக்கா ரத்தம் குடுத்துட்டுப் போ.” எங்கள் வகுப்பில் மட்டும் பதினொரு பேர் போனோம். வாசலில் போலீஸ்காரர் நிறுத்தினால் காட்டுவதற்கு ஆளுக்கொரு சீட்டு, ரத்த வங்கியில் முத்திரை வாங்கி, அவர் கடையில் நகலெடுத்து வைத்திருந்தார்.

என்னை அதற்கு முன்னால் ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். கையில் புதிதாகப் பச்சை குத்தியிருந்தேன். ஒரு வருஷம் ஆகட்டும் என்றார். யாருக்குத் தெரியப்போகிறது, சட்டையை இறக்கிவிட்டுக்கொள்கிறேனே என்றேன். “எனக்குத் தெரியுமே” என்றார். ஒரு வருஷம் முடிந்த அன்று காலை எட்டு மணிக்குப் போன்.

* * *

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நான் இதை ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அண்ணனுக்கு 2025-ல் அறுபத்தைந்து முடிந்தது. அதற்கு மேல் ரத்தம் எடுக்கமாட்டார்கள். பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்னால், “வாடா, கடைசியா ஒண்ணு குடுத்துட்டு வந்துருவோம்” என்று கூப்பிட்டார். எத்தனையாவது தடவை என்று கேட்டேன், சொல்லவில்லை. வருஷத்துக்கு நாலு என்று நானே மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன், நூறைத் தாண்டி வந்தது. படுத்ததும் கையை அவரே நீட்டினார். முழங்கை மடிப்பில் பொட்டுப் பொட்டாகத் தழும்பு. அவர் 1993-ல் பார்த்த கை நினைவுக்கு வந்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவரோ, ஆடிக்கொண்டிருந்த தட்டின் மேல் பை நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தார்கள், எல்லோரையும் போல உட்கார்ந்து சாப்பிட்டார்.

கடைக்குத் திரும்பி வரும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “இத்தனை நாள் ஒருத்தர்கிட்ட ‘உங்க வீட்ல யார் குடுத்தீங்க’ன்னு கேக்கும்போது என் கை என் பக்கம் இருந்துச்சுடா. இனி எந்த வாயை வச்சுக் கேப்பேன்?” எனக்குப் பதில் தெரியவில்லை, இன்னும் தெரியவில்லை. அன்று மாலையே ஒரு அம்மா ஓ நெகட்டிவ் கேட்டு வந்தார்கள். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, நோட்டை எடுத்துத் தானே போன் போட ஆரம்பித்தார். நான்தான் அந்த அம்மாவுடன் வந்த பையனிடம் கேட்டேன், “தம்பி, உங்க வீட்ல யார் குடுத்தீங்க?” அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நம்பரைத் தேடினார்.

இப்போது பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் சாயங்காலம் வந்து நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ‘குறிப்பு’ கட்டத்தையும் ஒன்றுவிடாமல் ஏற்றச் சொல்லியிருக்கிறார். பழைய பக்கங்களில் பாதி நம்பர் வேலை செய்யவில்லை. அந்த நோட்டில் பேர் இருந்து நம்பர் மாற்றியவர்கள், வெளியூர் போய்விட்டவர்கள், ஒருமுறை கடைக்குப் போய்த் திருத்திக்கொடுத்துவிடுங்கள். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை சாப்பிடப் போய்விடுவார்.